ஒத்தக் கேமரா, ஓடுற வண்டி: தெருவுல இருக்குற கதவு எத்தன மீட்டர்ல நிக்குது, எந்தப் பக்கம் பார்த்து நிக்குது?

ஜனவரி 18, காலை 9:12 (கேள்வி, பள்ளத்தூரிலிருந்து ஒரு வாசகர்)

அண்ணே, எங்க தெருவுல வீட்டு வாசல், கரண்டு கம்பம், பேர்ப்பலகை எல்லாம் எந்த எடத்துல நிக்குது, எந்தப் பக்கம் பார்த்து நிக்குதுன்னு ஒரு வரைபடம் போடணும். ஊருக்காகத்தான், காசுக்கு இல்ல. டேப்பு பிடிக்க ஆளு கிடைக்கல. மொபைலை வண்டியில கட்டிக்கிட்டு ஒரு ரவுண்டு போனாப் போதும், எல்லாம் வந்துரும்னு ஒருத்தர் சொல்றார். என் மச்சான் என்னன்னா, ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு ஊசியில நூல் கோக்குற கதைதான் இது, ஒரு கேமராவுக்குத் தூரமே தெரியாதுங்கிறான். யாரு சொல்றது சரி?

ஜனவரி 18, மதியம் 1:40

மச்சான் சொல்றது பாதி சரி தம்பி. நின்ன எடத்துல நின்னுக்கிட்டு ஒத்தக் கேமராவால தூரம் சொல்ல முடியாது. கிட்ட இருக்குற சின்ன வீடும் தள்ளி இருக்குற பெரிய வீடும் படத்துல ஒரே அளவாத்தான் விழும். ஆனா கும்பிடுபூச்சியப் பாத்திருக்கீங்களா, பாயுறதுக்கு முன்னாடி உடம்ப இங்கிட்டும் அங்கிட்டும் ஆட்டும். கிட்ட இருக்குறது நிறைய நகரும், தள்ளி இருக்குறது கொஞ்சமா நகரும், அத வச்சுத்தான் அது தூரத்தக் கணிக்குது. வண்டி ஓடுறப்ப உங்க கேமராவுக்கும் அதே ஆட்டம் சும்மா கிடைக்குது.

நான் ஓசூர்ல 6 வருஷம் கன்வேயர் மேல போற பார்ட்டக் கேமராவால அளக்குற வேலை பாத்தவன், இப்ப காரைக்குடில பழைய சாமான் ஏத்தி இறக்குற சின்ன யானை ஒண்ணு வச்சிருக்கேன். அங்க கேமரா நிக்கும் பொருள் ஓடும், இங்க பொருள் நிக்கும் கேமரா ஓடும், கணக்கு ஒண்ணுதான். என்னக் கேட்டா தூரம் ஈஸி, திசைதான் கஷ்டம். மொபைல முன் கண்ணாடியில ஒட்டிக்கிட்டுப் போங்க, போதும்.

ஜனவரி 18, இரவு 11:05

கணக்கச் சொல்லாம விட்டுட்டேன். வீடியோ 1920க்கு 1080 பிக்சல்னா, சாதாரண மொபைலோட ஃபோகல் லெங்த், அதாவது லென்ஸ் படத்த எவ்வளவு பெருசா விழ வைக்குதுங்கிற அளவு, பிக்சல் கணக்குல சுமார் 1400 வரும். 1.2 மீட்டர் அகலமான கதவு 12 மீட்டர்ல இருந்தா படத்துல 1400 பெருக்கல் 1.2 வகுத்தல் 12, அதாவது 140 பிக்சல். இதத் திருப்பிப் போட்டா தூரம் வந்துரும். ஆனா கதவு 1.2 மீட்டர்தான்னு உங்களுக்கு யாரு சொன்னது? நம்ம ஊர்க் கதவு ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. அதனால அகலத்த நம்புறத விட தரையப் பிடிச்சுக்கிறது நல்லது. கேமரா தரையிலருந்து எத்தன மீட்டர் உயரம்னு தெரியும், பொருளோட அடி படத்துல அடிவானத்துக்குக் கீழ எத்தன பிக்சல்ல இருக்குன்னு பாத்தா தூரம் வந்துரும். என் வண்டியில கேமரா உயரம் 1.5 மீட்டர். 1400 பெருக்கல் 1.5, அதாவது 2100. அத அந்தப் பிக்சலால வகுங்க. 20 மீட்டர்ல நிக்கிறது 105 பிக்சல் கீழ தெரியும். அவ்வளவுதான் விஷயம்.

ஜனவரி 21, இரவு 9:30

அவ்வளவுதான் விஷயம்னு எழுதுன கைய ஒடிக்கணும்.

இன்னைக்குக் கானாடுகாத்தான்ல ஒரு லோடு இறக்கப் போனேன், அப்படியே ஒரு தெருவப் படம் பிடிச்சேன். 10 மீட்டர்ல இருக்குற வாசல் 25 மீட்டர்னு வந்துச்சு. ஒண்ணு ரெண்டு இல்ல, வரிசையா எல்லா வாசலும். கணக்குப்படி பாத்தா தெரு கம்மாய் மாதிரி அகலம். ஒரு மணி நேரம் கணக்குப் போடுற புரோகிராமையே பாத்துக்கிட்டு இருந்தேன், டீ ரெண்டு ஆறிப் போச்சு.

பிறகுதான் உறைச்சுது. நம்ம வீட்டு வாசல் தரையிலயா இருக்கு? படி ஏறித்தானே போகணும். அந்தத் தெருவுல கதவோட அடி தரையிலருந்து சுமார் 90 சென்டி மேல. என் சூத்திரம் அத ரோட்டுல நிக்கிறதா நினைச்சுக்கிட்டு கணக்குப் போடுது. கேமரா 1.5 மீட்டர், அதுல 0.9 போனா மிச்சம் 0.6, 1.5ஐ 0.6ஆல வகுத்தா 2.5 மடங்கு. சரியா 10 மீட்டர் 25 ஆயிருச்சு. கணக்கு தப்பே பண்ணல, நான் சொன்ன பொய்ய அப்படியே நம்பிருச்சு. மேடை வச்ச வீடுகள் இருக்குற ஊர்ல தரைக் கணக்குக் கம்பத்துக்கு உதவும், படியோட முதல் கல்லுக்கு உதவும், வாசலுக்கு உதவாது.

ஜனவரி 22, காலை 7:15

கம்பத்துக்கு உதவும்னு நேத்து எழுதுனேன்ல, அதுவும் வேகத்தடை வரைக்கும்தான். பிரேக்கப் போட்டா வண்டி மூக்கு குத்துது, தடையில ஏறுனா மூக்கு தூக்குது. 1 டிகிரி சாஞ்சாலே படத்துல 24 பிக்சல். 20 மீட்டர்ல நிக்கிற கம்பம் 105 பிக்சல்ல இருக்கணும், 81 ஆச்சுன்னா 26 மீட்டர், 129 ஆச்சுன்னா 16 மீட்டர். ஒரே கம்பம் வண்டியோட சேந்து முன்னும் பின்னும் ஊஞ்சல் ஆடுது.

ஜனவரி 25, மாலை 6:50

கேமராவ முதல்ல ஒழுங்கா அளவு பிடிக்கணும், 1400னு குத்துமதிப்பா வச்சா ஆகாது. இதுக்கு சதுரங்கப் பலகை மாதிரி கறுப்பு வெள்ளை கட்டம் போட்ட ஒரு தாள வேற வேற கோணத்துல காட்டணும், 2000ல செங்யூ சாங்குங்கிற ஆராய்ச்சியாளர் எழுதுன முறை, ஓபன்சிவிங்கிற படத்த அலசுற இலவச மென்பொருள்ல இருக்குறது அந்த வழிதான். தட்டையான ஒரு பரப்பு, அளவு தெரிஞ்ச கட்டம், நாலஞ்சு கோணம், இவ்வளவு போதும், லென்ஸ் எப்படி வளைக்குதுங்கிறதும் சேந்து வந்துரும்.

எனக்கு என்ன புத்தின்னா, தாள் எதுக்கு, நாம சாமான் எடுக்கப் போற ஆச்சி வீட்டு முகப்புலயே கறுப்பும் வெள்ளையுமா ஆத்தங்குடிக் கல்லு பதிச்சுக் கிடக்கே, நூத்துக்கணக்குல கட்டம், இத விடப் பெரிய பலகை எங்க கிடைக்கும்னு போயிட்டேன். ஆச்சி காப்பி குடுத்துட்டு, "தரையப் படம் எடுக்குறதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீக"ன்னாக. ஒரு மணி நேரம் முட்டி போட்டு எடுத்தேன். கட்டத்தோட மூலை இருக்க வேண்டிய எடத்துக்கும் படத்துல விழுந்த எடத்துக்கும் வித்தியாசம், அதாவது பிழை, 2.8 பிக்சல். குப்பை. அரை பிக்சலுக்குக் கீழ வரணும்.

ஏன்னு யோசிச்சா, ஆத்தங்குடிக் கல்லு ஒவ்வொண்ணும் தட்டைதான், கண்ணாடி மேலதான வாக்குறாங்க. கண்ணாடித் தட்டு, அது மேல சட்டம், அதுக்குள்ள தகடு அச்சு, கலர் சிமெண்ட ஊத்தி, மேல மணலும் சிமெண்டும் போட்டு, காயவிட்டு, தண்ணியில போட்டு எடுக்குறது, சூளையே கிடையாது, அந்தப் பளபளப்பு கண்ணாடி குடுக்குறது. ஆனா பதிக்கிறது கை. ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் இடைவெளி ஒண்ணா இருக்காது, நூறு வருஷம் ஆளு நடந்து நடந்து நடுவுல குழிஞ்சும் இருக்கு. கண்ணுக்கு அழகு, அளவுகோலுக்கு ஆகாது. வீட்டுக்கு வந்து கட்டத்த பிரிண்ட் எடுத்து அட்டையில ஒட்டினேன், அட்டை வளைஞ்சுது, பிழை 1.1. கடைசியில பழைய பீரோக் கண்ணாடியில ஒட்டினேன், 0.4 பிக்சல். ஆத்தங்குடிக்காரங்க கண்ணாடியில ஆரம்பிச்சத நான் சுத்தி வளைச்சுக் கண்ணாடியில முடிச்சேன்.

ஃபோகல் லெங்த் 1387 வந்துச்சு. 1400ன்னே பேசுவோம், கணக்குச் சுலபம்.

ஜனவரி 26, இரவு 10:20

18ஆம் தேதி முன் கண்ணாடியில ஒட்டுங்கன்னு சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன்.

நேரா முன்னாடி ஓடுறப்ப, நேர் எதிர்ல இருக்குற பொருள் படத்துல நகரவே மாட்டேங்குது. கணக்குப் பாருங்க. 20 மீட்டர் முன்னால, நடுவிலருந்து அரை மீட்டர் தள்ளி ஒரு பொருள். வண்டி 1 மீட்டர் முன்னேறுனா அது நகர்றது 2 பிக்சல் கூட இல்ல. 3 மீட்டர் தள்ளி இருந்தா 11 பிக்சல். அதே மொபைலப் பக்கவாட்டுல பாக்கத் திருப்பிக் கட்டுனா, 10 மீட்டர்ல இருக்குறது 1 மீட்டர் ஓட்டத்துக்கு 140 பிக்சல் நகருது, 1 பிக்சல் தப்பாப் படிச்சாலும் தூரத்துல 7 சென்டிதான் பிசகும். ஆனா 40 மீட்டர்ல இருக்குறதுக்கு நகர்வு 35 பிக்சல்தான், 1 பிக்சல் தப்புக்கு 1 மீட்டர் 14 சென்டி பிசகும். தூரம் 4 மடங்கு, பிசகு 16 மடங்கு. தள்ளி இருக்குறத விட்டுருங்க, கிட்ட வரும்போது பிடிச்சுக்கலாம், வண்டிதான் ஓடுதே.

இன்னைக்குக் கட்டுன கயிறு அவிழ்ந்து மொபைல் ரோட்டுல விழுந்து முகம் உடைஞ்சது தனிக் கதை. மனச இப்படித் தேத்திக்கிட்டேன்: 1802ல பரங்கிமலையில முதல் அளவுக் கோட்ட அளந்து நாட்டையே அளக்கக் கிளம்புன வெள்ளைக்கார சர்வேயர் லாம்டன், 1808ல தஞ்சாவூர்ப் பெரிய கோயில் மேல தியோடலைட்டுங்கிற கோணம் அளக்குற கருவிய ஏத்துறப்ப கயிறு அறுந்து கருவி நொறுங்கி, உக்காந்து தன் கையாலயே சரி பண்ணார். எனக்கு டெம்பர்டு கிளாஸ் 150 ரூபா.

ஜனவரி 27, காலை 6:40

ஒரு வாசகர் கேட்டிருந்தார், ஓட்டத்தால நகர்வு தெரியும், ஆனா வண்டி 1 மீட்டர்தான் ஓடுச்சுன்னு எப்படித் தெரியும்னு. நல்ல கேள்வி, இதுதான் இதோட முடிச்சே. வண்டி எவ்வளவு ஓடுச்சுன்னு தெரியலன்னா வர்ற தெரு உருவத்துல சரியா இருக்கும், அளவுல கொலுப்படித் தெருவாக் கூட இருக்கலாம், படத்தப் பாத்து வித்தியாசமே கண்டுபிடிக்க முடியாது. ஜிபிஎஸ் நொடிக்கு ஒரு தரம் சொல்லுது, அதுவும் 3, 4 மீட்டர் அங்கிட்டு இங்கிட்டு, உயரமான மதில்களுக்கு நடுவுல இன்னும் மோசம். நான் டயர்ல சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டு, 10 சுத்து உருட்டி டேப்பு வச்சேன், 16 மீட்டர் 80 சென்டி. ஒரு சின்ன மொபைலச் சக்கரத்தப் பாக்க வச்சு சுத்த எண்ணுறேன். லோடு ஏறுனா டயர் அமுங்கி கொஞ்சம் குறையும், காலி வண்டியிலதான் அளக்கணும்.

ஜனவரி 29, இரவு 11:50

திண்ணைத் தூண் வரிசையில அடி வாங்கிட்டேன். ஒரே மாதிரி தூண், ஒரே இடைவெளி, ஒண்ணரை மீட்டர். 5 மீட்டர் தள்ளி நின்னா ஒரு தூணுக்கும் அடுத்ததுக்கும் 420 பிக்சல். நான் 1 மீட்டருக்கு ஒரு படம்னு எடுத்தேன், தூண் 280 பிக்சல் பின்னால போயிருக்கணும், ஆனா அதுக்குள்ள அடுத்த தூண் 140 பிக்சல் பக்கத்துல வந்து நிக்குது, புரோகிராம் கிட்ட இருக்குறதத்தான் பிடிக்கும். எதிர்த் திசையில நகருதுன்னு மைனஸ் குறி வேற வந்துச்சு, அத நான் கவனிக்கல. முடிவு, திண்ணைத் தூண் எல்லாம் 10 மீட்டர்ல, அதாவது வீட்டுக்குள்ள வளவுல போய் நிக்குது.

மருந்து சுலபம். எல்லாப் படத்தையும் விடாமப் பின்தொடரணும். மணிக்கு 18 கிலோமீட்டர்னா நொடிக்கு 5 மீட்டர், நொடிக்கு 30 படம், படத்துக்குப் படம் 17 சென்டி, 47 பிக்சல், தூண் மாறாது. தொடர்ந்து போயி, கடைசியில தூரமான ரெண்டு படத்த வச்சு அளவு எடுக்கணும்.

வெள்ளைச் சுவர் இன்னொரு தலைவலி. முட்டை வெள்ளைக்கரு போட்டு இழைச்ச பழைய சுண்ணாம்புப் பூச்சு கண்ணாடி மாதிரி இருக்கு, பிடிச்சுக்க ஒரு புள்ளி கிடையாது, வெயில் விழுந்தா அதுல என் வண்டியே தெரியுது, புரோகிராம் அந்த நிழலப் பிடிச்சுக்கிட்டுக் கூடவே வருது. சுவரு உரிஞ்சு காரை பேந்து கிடக்குற வீடுதான் அளக்க வசதி. சொல்றதுக்கே சங்கடமா இருக்கு.

பிப்ரவரி 1, மதியம் 3:10

கம்பம் எல்லாம் சாஞ்சு நிக்குது. மொதல்ல கம்பத்தையே சந்தேகப்பட்டேன், நம்ம ஊர்க் கம்பம் சாயுறது ஒண்ணும் அதிசயம் இல்ல. ஆனா திரும்பி வரும்போது மொபைல வலப்பக்கம் மாத்திக் கட்டி அதே வரிசையப் பிடிச்சேன், இப்ப கம்பம் எல்லாம் மறுபக்கம் சாயுது. எப்பவும் நான் போற பக்கமாத்தான் தலைய நீட்டுது.

இது ரோலிங் ஷட்டர். மொபைல் கேமரா படத்த ஒரே நேரத்துல எடுக்குறதில்ல, மேல் வரிசையிலருந்து கீழ் வரிசை வரைக்கும் ஒண்ணொண்ணா வாசிக்குது. மேலருந்து கீழ வர 20 மில்லிநொடின்னு வைங்க, அதுக்குள்ள வண்டி 10 சென்டி ஓடிருது. 5 மீட்டர்ல நிக்கிற கம்பத்தோட கால் அதுக்குள்ள 28 பிக்சல் பின்னால போயிருது, கிட்டத்தட்ட ஒண்ணரை டிகிரி சாய்வு. 10 மீட்டர்ல நிக்கிற கம்பம் முக்கால் டிகிரிதான் சாயும். பொருளோட திசைய ஒரு டிகிரிக்குள்ள வேணும்னு கேக்குறவங்க இத விட்டுட்டு மத்த எதப் பேசியும் பிரயோஜனம் இல்ல. ஒண்ணு மெதுவாப் போகணும், இல்ல ஒவ்வொரு வரிசைக்கும் கேமரா எங்க இருந்துச்சுன்னு தனித்தனியாக் கணக்குல சேக்கணும். நான் மணிக்கு 8 கிலோமீட்டர்ல போனேன், பின்னால வந்த டவுன் பஸ் அடிச்ச ஹாரன் இன்னும் காதுல கேக்குது.

பிப்ரவரி 1, மாலை 5:00

போயிட்டுத் திரும்பி வந்ததுல இன்னொண்ணும் சிக்குச்சு. ஒரே வாசல் போகும்போது ஒரு எடத்துல, வரும்போது 5 மீட்டர் தள்ளி இன்னொரு எடத்துல. ரெண்டுலயும் நான் போற பக்கமாத் தள்ளி விழுந்திருக்கு. சக்கரத்துக்கும் கேமராவுக்கும் கடிகாரம் அரை நொடி முன்ன பின்ன. நொடிக்கு 5 மீட்டர் ஓட்டத்துல அரை நொடின்னா 2.5 மீட்டர், போக 2.5, வர 2.5, மொத்தம் 5. அந்த ரெண்டு எடத்துக்கு நடுவுலதான் நிஜ வாசல். இப்ப கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு மொபைலுக்கும் கேக்குற மாதிரி ஒரு கை தட்டிர்றேன், சத்தத்த வச்சு ஒட்டிக்கலாம்.

இது வரைக்கும் எழுதுனத மேலருந்து படிச்சுப் பாத்தேன். வாசல அளக்குறதா நினைச்சுக்கிட்டு நான் அளந்தது எல்லாம் என் வண்டியத்தான். மூக்கு குத்துறது, டயர், கடிகாரம், ஷட்டர். வாசல் பாவம் நூறு வருஷமா அதே எடத்துல நிக்குது.

பிப்ரவரி 2, காலை 8:00

லேசர் வச்சா ஒரே அடியில முடியுமேன்னு கேட்டவருக்கு: முடியும். அந்தக் காசுக்கு என் வண்டிய ரெண்டு தடவ வாங்கலாம்.

பிப்ரவரி 8, இரவு 9:15

இனி திசை. எந்தப் பக்கம் பார்த்து நிக்குதுங்கிற பாதிய நான் தொடவே இல்லன்னு தம்பி ஞாபகப்படுத்துனார்.

ஞாயித்துக்கிழமை ஒரு அய்யனார் கோயிலுக்குப் போற மண்பாதையில வண்டிய ஓட்டுனேன். ஓரமா வரிசையா மண்குதிரை, எல்லாம் ஒரே பக்கம் பார்த்து. ஒரே ஒரு படத்த நிறுத்திப் பாருங்க: கடைசியில இருக்குற குதிரை நெஞ்சக் காட்டுது, நடுவுல இருக்குறது முக்கால் பக்கம், கிட்ட இருக்குறது விலாவக் காட்டுது. படத்த வெட்டி வெட்டி ஒவ்வொரு குதிரையா ஒருத்தர்ட்ட காட்டுனா, ஆளுக்கொரு பக்கம் பார்த்து நிக்குதுன்னுதான் சொல்லுவார். நிஜத்துல எல்லாம் ஒரே திசை.

இதுல ரெண்டு கோணம் இருக்கு, ரெண்டையும் குழப்பிக்கிட்டா தொலைஞ்சோம். ஒண்ணு, பாக்குற கண்ணுக்குப் பொருள் எவ்வளவு திரும்பித் தெரியுதுங்கிறது. இன்னொண்ணு, வண்டிக்கு அது எவ்வளவு திரும்பி நிக்குதுங்கிறது. வெட்டுன படத்துல இருந்து முதலாவதுதான் கிடைக்கும். பொருள் படத்தோட நடுவுலருந்து எத்தன டிகிரி ஓரமா இருக்குங்கிறதக் கூட்டுனாத்தான் ரெண்டாவது வரும். ஜெர்மனியில கார்ல்ஸ்ரூங்கிற ஊருல கார்ல கேமராவும் லேசரும் கட்டி ஓட்டி 2012ல வெளியிட்ட கிட்டிங்கிற படத் தொகுப்புல, புரோகிராமப் பழக்குறதுக்குன்னு குடுத்த 7481 படத்துலயும் ஒவ்வொரு காருக்கும் இந்த ரெண்டு கோணத்தையும் தனித்தனியா எழுதி வச்சிருக்காங்க. அதப் பாக்குறதுக்கு முன்னாடி ஒரே கோணத்த ஏன் ரெண்டு தடவ எழுதுறாங்கன்னு சிரிச்சவன் நான்.

இன்னொரு கூத்து, தூரத்துக் குதிரைக்குத் தலை எது வாலு எதுன்னு புரோகிராமுக்குத் தெரியல. 180 டிகிரி திருப்பிப் போட்டுருது. கொஞ்சம் தப்புன்னா 10 டிகிரி தப்பா இருக்கும்னு நினைப்போம், இது தப்புனா முழுசாத் தப்பும். 3 டிகிரியையும் 183 டிகிரியையும் கூட்டி சராசரி எடுத்து 93 டிகிரின்னு நான் குதிரையக் குறுக்க நிப்பாட்டுனத இங்க சொல்லியே ஆகணுமா, சரி சொல்லிட்டேன். கோணத்த எடுத்த எடுப்புல சராசரி எடுக்காதீங்க. நிறைய படத்துல எது ஜெயிக்குதுன்னு முதல்ல ஓட்டு எடுங்க, அப்புறம் சராசரி.

பிப்ரவரி 9, காலை 5:30

தூக்கம் வரல. 18ஆம் தேதி தூரம் ஈஸி, திசை கஷ்டம்னு எழுதுனேன். நம்ம ஊருக்கு அது தலைகீழ்.

குதிரைக்குத் திசை கஷ்டம்தான். வாசலுக்கு இல்ல. நம்ம தெரு எல்லாம் நூல் பிடிச்ச மாதிரி நேரு, ஒரு தெருவுல முகப்பு, அடுத்த தெருவுல பின்வாசல், நடுவுல முழுசும் ஒரே வீடு, மதில் ஒரு கடைசியிலருந்து மறு கடைசி வரைக்கும். மதில் மேல்விளிம்பு, திண்ணை விளிம்பு, படிக்கட்டு, கூரை ஓரம், எல்லாம் ஒண்ணுக்கொண்ணு இணையான கோடு. படத்துல இந்தக் கோட்ட எல்லாம் நீட்டுனா ஒரே புள்ளியில போய்ச் சேரும். அந்தப் புள்ளி எங்க விழுதுன்னு பாத்தாலே கேமராவுக்கு அந்தச் சுவர் எத்தன டிகிரி திரும்பி நிக்குதுன்னு வந்துருது. தூரம் வேண்டாம், சக்கரம் வேண்டாம், ஜிபிஎஸ் வேண்டாம், கொலுப்படித் தெருவா இருந்தாலும் கோணம் மாறாது. புள்ளிய 10 பிக்சல் தப்பாக் குறிச்சாலும் 0.4 டிகிரிதான் பிசகும்.

அதுவும் போக, அந்தப் புள்ளியோட உயரம்தான் அடிவானம். ஜனவரி 22ல வண்டி மூக்கு குத்துதுன்னு அழுதேன்ல, ஒவ்வொரு படத்துலயும் புள்ளி எவ்வளவு ஏறி இறங்குதுன்னு பாத்தா மூக்கு எத்தன டிகிரி குத்துச்சுன்னு அதுவே சொல்லிருது. ஊஞ்சலாடுன கம்பம் நின்னுருச்சு. கோணத்துக்காகப் போனது தூரத்தையும் சேத்துச் சரி பண்ணிருச்சு. இப்ப மறுபடியும் முன் கண்ணாடியில ஒரு மொபைல், பக்கவாட்டுல ஒரு மொபைல். வாபஸ் வாங்குனத வாபஸ் வாங்குறேன்.

பிப்ரவரி 11, இரவு 8:45

பேர்ப்பலகைக்கு. நாலு மூலையும் தெரிஞ்சா, பலகை அளவும் தெரிஞ்சா, எங்க நிக்குது எப்படித் திரும்பி நிக்குதுன்னு ஒரே படத்துல கிடைக்கும். பழைய கணக்குதான், 3 புள்ளிய வச்சு எடம் கண்டுபிடிக்கிறத 1841லயே குருனெர்ட்டுங்கிற ஜெர்மன் கணக்கு மேதை போட்டுட்டார். 3 புள்ளின்னா 4 விடை வரைக்கும் வரலாம், நாலாவது புள்ளிதான் எதுன்னு சொல்லும். தப்பாப் பொருத்துன புள்ளியக் கழிச்சுக் கட்ட எல்லாரும் இன்னைக்கும் பயன்படுத்துற ரான்சாக்குங்கிற முறை, 1981ல ஃபிஷ்லரும் போல்ஸும் எழுதுனது, அவங்க எடுத்துக்கிட்ட உதாரணமே இந்தக் கணக்குதான்.

ஆனா பலகை தள்ளி இருந்து சின்னதாத் தெரிஞ்சா, 20 டிகிரி இடப்பக்கம் திரும்பியிருந்தாலும் வலப்பக்கம் திரும்பியிருந்தாலும் படத்துல கிட்டத்தட்ட ஒண்ணுதான். புரோகிராம் ஒரு படத்துல இதச் சொல்லும், அடுத்த படத்துல அதச் சொல்லும், பலகை காத்துல படபடக்குற மாதிரி இருக்கும். ரெண்டு விடையையும் தூக்கிப் போடாம வச்சுக்குங்க. வண்டி ஓட ஓட நிஜ விடை தெருவுல அப்படியே நிக்கும், பொய் விடை வண்டியோட சேந்து திரும்பிக்கிட்டே வரும். 10 மீட்டர் ஓட்டத்துல தெரிஞ்சுரும்.

பிப்ரவரி 15, மதியம் 2:20

சிரிக்க ஒண்ணு. என் வண்டிக்குப் பக்கத்துலயே டிவிஎஸ் 50ல ஒரு ஐயா அதே வேகத்துல வந்தார், பேச்சுக் குடுத்துக்கிட்டே. படத்துல அவர் நகரவே இல்ல. நகரலன்னா தூரம் கணக்கே இல்லாத தூரம், அதனால ஐயா நிலாவுக்கு அந்தப் பக்கம். எதிர்ல அதே வேகத்துல வந்த டவுன் பஸ்ஸு ரெண்டு மடங்கு நகர்ந்ததால பாதித் தூரத்துல, என் கதவ உரசிக்கிட்டு. பொருள் நின்னாத்தான் இந்தக் கணக்கு எல்லாம். ஓடுறத முதல்லயே கழிச்சுரணும், தெருவோட மத்தப் புள்ளிகளோட ஒத்துப் போகாதது எல்லாம் ஓடுதுன்னு அர்த்தம். படுத்திருந்த மாடு நல்லாக் கணக்குக்கு வந்துச்சு, எந்திரிக்கிற வரைக்கும்.

பிப்ரவரி 22, இரவு 10:00

பள்ளத்தூர் போயிட்டு வந்துட்டேன். தம்பியும் அவர் மச்சானும் டேப்பு பிடிச்சாங்க, நான் காலி வண்டியில மணிக்கு 10 கிலோமீட்டர்ல போக ஒரு தடவ வர ஒரு தடவ. ஒரு தெரு, 14 வாசல். டேப்புக்கும் கேமராவுக்கும் 12 வாசல்ல 15 சென்டிக்குள்ள வித்தியாசம், திசை 1 டிகிரிக்குள்ள. ஒண்ணு 60 சென்டி தப்பு, முட்டைப்பூச்சுச் சுவருக்கு நடுவுல இருக்குற வாசல், புள்ளியே சிக்கல, வெயில் சாஞ்ச பிறகு இன்னொரு தடவ எடுக்கணும்.

மிச்சம் ஒண்ணு, எடம் சரி, திசை 31 டிகிரி தப்பு. மச்சானுக்கு ரொம்ப சந்தோசம், நான்தான் அப்பவே சொன்னேனேன்னார். நானும் மூஞ்சத் தொங்கப் போட்டுக்கிட்டு வீடு வந்து சேந்துட்டேன்.

பிப்ரவரி 23, காலை 6:10

அந்த வாசல் வீடியோவ நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். ரெட்டைக் கதவுல ஒரு கதவு பாதி திறந்திருக்கு, உள்ள யாரோ கோலமாவு டப்பாவோட வர்றாங்க. கேமரா திறந்திருந்த கதவ அளந்திருக்கு, நாங்க டேப்பு வச்சது நிலையில. தம்பி, மச்சான்ட்ட இந்தப் படத்தக் காட்டுங்க, பதில் வந்தா இங்க போடுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை சாயங்காலம் 4 மணிக்கு வர்றேன், அந்த முட்டைப்பூச்சு வாசலுக்கு. படிக்கல்லு நாலு மூலையிலயும் சாக்பீஸ்ல ஒரு பெருக்கல் குறி போட்டு வைங்க, வீட்டுக்கார ஆச்சிட்ட கேட்டுட்டு.